மகாபொலவும் மண்ணெண்ணெயும்

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. நீர்வேலிச் செம்மண்ணில் வாழை வைத்து, மிசின் போட்டுத் தண்ணீர் இறைக்கிற தோட்டக்காரருக்கு அது என்ன அடி என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. இறைப்புத் தப்பினால் கதலியும் இதரையும் குலை சிறுத்துவிடும். மின்மோட்டர் வைத்திருந்தவரும் தப்பவில்லை. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. முந்திய ஆண்டின் உரத்தடையால் பட்ட நட்டம் ஆறுமுன்பே இதெல்லாம் வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை கம்பசில் படித்துக்கொண்டிருந்தால் மகாபொல உதவித்தொகையாகக் கிடைத்தது மாதம் 5,000 ரூபாய். அடுத்த மாதம் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோதும் அதே 5,000. அது 7,500 ஆனது 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான்.

பல்கலைக்கழகச் செலவைச் சுருக்குவது ஏழைப் பிள்ளையின் ஏற்றத்தை மறிக்கிறதா என்ற வழக்கை இந்தக் கணக்கிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். சுருக்கத்தான் வேண்டும் என்பவர்களின் வாதம் இலேசாகத் தள்ளக்கூடியதன்று. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு எதிலும் கைவைக்காமல் மீள முடியாது. கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வியை யாரும் இரத்துச் செய்யவில்லை. அனுமதியும் குறையவில்லை, பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் கூடுதலாக, ஆண்டுக்கு 40,000 பேருக்கு மேல், அரச பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். உண்மையான சல்லடை உயர்தரத்தில் இருக்கிறது, ரியூசனுக்குக் காசில்லாத பிள்ளை இசட் புள்ளியில் அங்கேயே பின்தங்கிவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். இதை நான் மறுக்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் கல்வி எல்லாரையும் ஒரேயளவில் தூக்கிவிட்டதாகச் சொல்வது பொய். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வந்ததற்காகப் பள்ளிக்கூடங்களைக் கொளுத்திய மண் இது.

ஆனாலும் இந்த வாதம் உள்ளே போகிற தலைகளை மட்டும் எண்ணுகிறது. 2023 சனவரியில் வருமான வரி உயர்ந்த பின்னர் விரிவுரையாளர்கள் பலர் வெளிநாடு போனார்கள். அவர்கள் விட்டுப்போன இடங்களை நிரப்பத் திறைசேரியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் கூடினார்கள், படிப்பிப்பவர்கள் குறைந்தார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்தக் குறையைத் தனியார் கற்கைநெறி ஒன்றால் ஈடுசெய்யும். மற்றப் பிள்ளைக்கு அந்தப் பட்டம் மட்டுமே முதல்.

சாப்பாட்டையும் அறையையும் பாருங்கள். நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்வரும் மாணவி வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போகலாம். அவளுக்கே பொறியியல் கிடைத்தால் கிளிநொச்சி அறிவியல்நகரிலோ மொறட்டுவையிலோ தங்க வேண்டும். மலையகத்திலிருந்து யாழ்ப்பாணம் வரும் பிள்ளைக்கும் இதே நிலைதான். 2025இல் அறிவித்த 7,500 ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 250. கடைச் சாப்பாடு ஒரு நேரத்துக்கு மேல் தாங்காது. மிச்சம் வீட்டிலிருந்து வர வேண்டும். வீட்டில் காசு இல்லாத நேரத்துக்கென்று வைத்த உதவி, 2022இல் வீட்டோடு சேர்ந்தே இளைத்தது. சுருக்கத்தின் ஆகக் கொடிய விளைவாக நான் காண்பது இதைத்தான்.

வேலையற்ற பட்டதாரிகளைக் காட்டி, இத்தனை பேரைப் படிப்பிப்பது வீண் என்பாரும் உண்டு. இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கவில்லை. வடக்கில் பட்டதாரிகளுக்கு வேலை தந்துவந்தது பெரும்பாலும் அரசே. ஆட்சேர்ப்பை நிறுத்தியதும் அதே அரசு. தனியார் பட்டங்களைப் படிக்க 2017 முதல் வட்டியில்லாக் கடன் கொடுத்துவரும் நாட்டில், பட்டத்தால் பயனில்லை என்ற பேச்சு எடுபடாது.

1970களின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் தமிழ் மாணவரை வாசலிலேயே மறித்தது. மறித்ததை எல்லாரும் கண்டார்கள். அதன் கோபம் ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. இன்றைய சுருக்கத்துக்கு வெட்டுப்புள்ளி இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. இரண்டாம் வருடத்தில் அறை வாடகை கட்ட முடியாமல் கடையில் வேலைக்கு நின்று, விரிவுரை தவறி, வகுப்புச் சித்தியை இழக்கும் பிள்ளை எந்தப் புள்ளிவிபரத்திலும் மறுக்கப்பட்டவராக வருவதில்லை. அனுமதித் தொகையைக் காட்டிப் பாதிப்பில்லை என்று சொல்வதை அதனால் ஏற்க முடியாது. ஏற்றம் மறிக்கப்படுகிறது என்பதே என் முடிவு.

சுருக்கத்தை எதிர்ப்பவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்குக் கேட்டது. அண்மைய ஆண்டுகளில் அரசு கொடுத்துவந்தது 2 சதவீதத்துக்கும் கீழே. கேட்டது நியாயம். ஆனால் அந்தக் காசு முதலில் எங்கே போக வேண்டும் என்ற கேள்வி அந்த முழக்கத்துக்குள் மங்கிப்போனது. கூடுதலாக வரும் முதல் ரூபாய் மகாபொலவுக்கும் பேர்சரி உதவித்தொகைக்கும் போய், அவை ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏற வேண்டும். அதன் பின் விடுதிகள், அதன் பின் விரிவுரையாளர் வெற்றிடங்கள். புதிய பீடங்களுக்கான கட்டடங்கள் இவை முடியும்வரை பொறுத்திருக்கலாம்.