செங்கோட்டைக்குக் கூப்பிடாத சாட்சிகள்

மோதி ராம் 1946-இல் தொகுத்த ‘டூ ஹிஸ்டாரிக் டிரயல்ஸ் இன் ரெட் ஃபோர்ட்’ நூலைப் பலரும் வீரக்கதையாகத்தான் வாசிப்பார்கள். எனக்கு அது சாட்சியங்களின் புத்தகம். யார் பேசலாம், எது செல்லும் என்பதே அதில் முக்கியம்.

செங்கோட்டையில் நடந்த இரண்டு இராணுவ விசாரணைகள் இதில் உள்ளன. 1858-இல் பகதூர் ஷாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் அவருடைய சொந்த வைத்தியர் ஹக்கீம் அஹ்சனுல்லா கான். நம்பிச் சொன்னதை வெளியே விடாமல் காக்கும் சட்டம் அவருக்கு உதவவில்லை. மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டமும் வழக்கறிஞருக்கும் கணவன் மனைவிக்கும் தரும் அந்தக் காப்பை டாக்டருக்குத் தரவில்லை.

இரண்டாவது விசாரணை 1945 நவம்பர் 5 அன்று தொடங்கியது. இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவருக்கும் ஒரு சலுகை இருந்தது: சத்தியம் செய்யாமல், குறுக்கு விசாரணை இல்லாமல் தங்கள் தரப்பைச் சொல்லலாம். அவர்களுக்காக வாதாடிய புலாபாய் தேசாய், இது கலகக் கும்பல் இல்லை, ஓர் அரசின் படை என்றார். அதற்கு ஒரு கணக்கையும் காட்டினார்: மலாயாவில் மட்டும் 2,30,000 இந்தியர்கள் விசுவாசப் பிரமாணம் எடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு இடிக்குது. அந்த 2,30,000 பேரில் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர். சாட்சிக்கூண்டில் ஏறிய எஸ்.ஏ. ஐயரும் லோகநாதனும் தமிழர்கள்தான்; ஆனால் ஒருவர் அமைச்சர், மற்றவர் இராணுவ டாக்டர். ஜாசின், அலோர் காஜா மாதிரி இடங்களில் பால்மரம் சீவிய ஒருத்தரையும் கூப்பிடவில்லை. எண்ணாகச் செல்லுபடியானார்கள், ஆளாக இல்லை.

தொழிற்சாலையில் தரச் சோதனைப் படிவங்களைப் பார்ப்பது என் வேலை. கையெழுத்து, போட்டதை மட்டும்தான் நிரூபிக்கும்; ஏன் போட்டார்கள் என்று சொல்லாது. உண்மையான ஆவேசமா? அரிசிப் பஞ்சமா? சயாம் ரயில் பாதையிலிருந்து தப்பிக்கவா? நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்விகள் தேவைப்படவில்லை. மூவருக்கும் விதித்த ஆயுள்கால நாடுகடத்தலைத் தளபதி ஆச்சின்லெக் ரத்து செய்ததோடு வழக்கு முடிந்தது.

“தாத்தா நேதாஜி படையில இருந்தாரு” என்பது கோர்ட்டில் செவிவழிச் செய்தி, செல்லாது. இலக்கியத்தில் செல்லும். ஆனால் சும்மா செல்லக்கூடாது. எதுக்குப் போனாரு, போகலைன்னா என்ன ஆகியிருக்கும் என்று கதை கேட்கணும். சீருடைக்கு மாலை போடுவதோடு நிற்கிற கதை, தாத்தாவை மறுபடியும் அந்த 2,30,000-இல் ஒருவராக்கிவிடுகிறது.