பொருநைக் கரையில் ஊரே வளர்க்கும் காடு

ஊர் கூடி ஆற்றங்கரையில் காடு வளர்ப்பதைப் போல மனத்தை நிறைக்கும் வேலை இந்த உலகத்தில் வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கோயில் கொடையும் தேரோட்டமும் ஆண்டுதோறும் பார்க்கிறவன்தான் நான். ஆனாலும் தாமிரபரணிக் கரையில் நாங்கள் விதை போட்டு முளைக்க வைத்த மருதங்கன்று, கோடையைத் தாண்டித் தளிர்விட்டு நிற்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷமே தனி. யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போகத் தோன்றுகிறது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் எங்கள் பொருநையின், அதாவது தாமிரபரணியின், நீளம் 128 கிலோமீட்டர்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இந்த ஆற்றுக்கு உண்டு. அதனால்தான் நெல்லும் வாழையும் இங்கே இப்படிக் கொழிக்கின்றன. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். வழியெங்கும் கல் மண்டபங்களும் படித்துறைகளும், அவற்றுக்குக் குடைபிடிக்கும் கிழட்டு மருதமரங்களும். அந்த மரங்களின் வெளுத்த அடிமரத்தை ஒருமுறை கட்டிப்பிடித்துப் பாருங்கள்! இரண்டு பேர் கை கோத்தாலும் எட்டாத மரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே வெறும் கரையாகவும் சீமைக்கருவேல முட்காடாகவும் கிடக்கும் இடங்களை மறுபடி காடாக்குவதுதான் எங்கள் வேலை.

ஆற்றங்கரைக்கு எதற்குக் காடு என்று கேட்கிறவர்களுக்கு 2023 டிசம்பரைத்தான் சொல்வேன். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை கொள்ளாமல் வந்தது. எங்கள் பக்கத்தில் மொட்டையாகக் கிடந்த கரை கட்டி கட்டியாக இடிந்து விழுந்தது. பழைய மருதுகள் வேர் பின்னி நின்ற இடத்திலோ மண் அப்படியே இருந்தது. கரையைப் பிடித்து வைப்பது மட்டுமா? வயலிலிருந்து வழியும் உரத் தண்ணீரை இந்த வேர்கள் வடிகட்டுகின்றன. நிழல் விழுந்தால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். உதிரும் இலையைப் பூச்சிகள் தின்னும், பூச்சிகளை மீன்கள் தின்னும். ஆற்றின் பாதி உயிர் அதன் கரையில் இருக்கிறது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: விதை பொறுக்குவது. லாரியில் வந்து இறங்கும் கன்றை நடுவதும் நல்ல காரியம்தான். ஆனால் விதையிலிருந்து ஊரே தொடங்கினால் அதற்கு ஈடு கிடையாது. மாசி, பங்குனியில் மருதமரத்தடிக்குப் போனால் காய்கள் உதிர்ந்து கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நார் நாராக, ஐந்து சிறகு விரித்து இருக்கும். ஆற்றில் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கி முளைப்பதற்கென்றே அமைந்த காய் அது! இதை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் விதைக்கிறோம். புங்கைக்கு அந்தப் பாடும் இல்லை. நெற்றை உடைத்து விதையைப் போட்டால் முளைத்துவிடும். நாவலும் இலுப்பையும் ஆனி, ஆடிப் பழங்கள். அவற்றின் கொட்டையைக் காயவிடவே கூடாது. ஒன்றிரண்டு வாரத்துக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். ஒரே நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் எட்டிப் பார்ப்பதைக் கண்ட பிள்ளைகள் போட்ட கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! நீர்க்கடம்பு விதையோ தூசி மாதிரி. மணலோடு கலந்து மெல்லத் தூவி, பூவாளியால் பூப்போலத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதற்குக் கைப்பக்குவம் வேண்டும். எங்கள் மகளிர் குழுப் பெண்களுக்கு அது வாய்த்திருக்கிறது.

செம்மண், ஆற்றுமணல், தொழுவுரம் கலந்து பையில் நிரப்பும் நாளில் நாற்றங்கால் திருவிழாவாகிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பாத்தியைப் பார்த்துக்கொள்கிறார்கள். கன்றை அவசரப்பட்டு வெளியே எடுப்பதில்லை. ஓராண்டாவது வளர்ந்து, தண்டு திரண்டு, இடுப்பு உயரம் வந்த பிறகுதான் கரைக்குப் போகும். அதற்குள் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் வந்துவிடுகிறார்.

எங்கே நடுவது என்பதில் கவனம் வேண்டும். ஆற்றுப் புறம்போக்கில் கை வைப்பதற்கு முன் ஊராட்சி, வருவாய்த்துறை, நீர்வளத்துறை மூவரிடமும் பேசி, அளந்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்கிறோம். மடைவாயிலும் வாய்க்கால் தலைப்பிலும் வெள்ளம் போகும் தடத்திலும் நடுவதில்லை. சீமைக்கருவேலத்தையும் ஒரேயடியாக வழித்தெடுப்பதில்லை. அதன் வேரும் இப்போதைக்குக் கரையைப் பிடித்திருக்கிறதே! பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் நம் மரங்களை வைத்துக்கொண்டே போகிறோம். தண்ணீரை ஒட்டி நாணலும் நீர்நொச்சியும் தாழையும். அதற்கு மேல் நீர்மருது, நீர்க்கடம்பு, அத்தி, நாவல், புங்கை. கரையின் உச்சியில் இலுப்பை, வேம்பு, பனை. ஒரே மரத்தை வரிசையாக வைத்தால் அது தோப்பு. எல்லாம் கலந்து நின்றால்தான் காடு. எந்த மடுவோரம் எந்த மரம் நின்றது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒவ்வொன்றாக விரல் நீட்டிச் சொல்வார்கள். அதைவிடச் சிறந்த வரைபடம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

கரை உச்சியில் புரட்டாசி, ஐப்பசியில் நட்டுவிடுகிறோம். தாழ்ந்த பகுதிக்கு வெள்ளம் வடியும் வரை காத்திருந்து தை மாதம் நடுகிறோம். வெள்ளத்துக்கு முன்னால் வைத்தால் ஆறு கன்றை எடுத்துக்கொண்டு போய்விடும். நடும் அன்று காலையில் டீயும் சுக்குக்காப்பியும், மத்தியானம் எலுமிச்சஞ்சோறும் கரையிலேயே. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட லீவு போட்டு வந்து மண்வெட்டி பிடிக்கிறார்கள்.

நட்டதோடு போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துபோகும் விழாக்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்! கன்றுக்கு எமன் வெயிலும் ஆடும்தான். ஆடு மேய்க்கிறவர்களை விரட்டாமல், முதல் கூட்டத்துக்கே அவர்களை அழைத்தோம். எங்கள் முயற்சியிலேயே மிகப் பெரிய வெற்றி அதுதான். அவர்களில் மூத்த அண்ணாச்சி ஒருவர் எழுந்து, "கம்பி வேலியெல்லாம் எதுக்கு தம்பி? வெட்டுன உடைமுள்ளையே சுத்தி வச்சுக் கட்டுங்க. இந்தப் பக்கம் கெடா வராம நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சொன்னபடி பார்த்துக்கொள்கிறார்! சீமைக்கருவேல முள்ளே இப்போது எங்கள் கன்றுகளுக்குக் காவல். சித்திரை, வைகாசி வெயிலில் முறை வைத்துக் குடத்தில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறோம். பட்டுப்போன இடத்தில் அடுத்த பருவத்தில் வேறு கன்று. முதல் இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டிவிட்டால் மருதின் வேர் ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

ஊர் மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே கரையில் ஓர் அற்புதமான சாட்சி உண்டு: திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில், மருதைத் தலவிருட்சமாகக் கொண்ட நாறும்பூநாதர் கோயில் இருக்கும் ஊர். அங்கே வந்து கூடு கட்டும் பறவைகளை ஊர்மக்களே தலைமுறையாகக் காத்துவந்தார்கள். 2005-ல் அரசு அந்த இடத்தைப் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது. பரப்பளவு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. ஆனால் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வருகிற யாரும் தம் ஊர்க் கரையைச் சும்மா விடமாட்டார்கள். எங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். திரும்பிய பிறகு தண்ணீர் ஊற்றும் முறைக்கு ஆள் தேட வேண்டிய தேவையே வரவில்லை.

மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அரசின் கை நீண்டிருக்கும் இந்த நேரத்தில் ஊரின் கையும் நீள வேண்டும். பொருநை மட்டுமில்லை, காவிரி, வைகை, பாலாறு, உங்கள் ஊர் ஓடை எதுவானாலும் சரி. வரும் மாசியில் ஒரு சாக்குப்பையை எடுத்துக்கொண்டு, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, அருகிலிருக்கும் பெரிய மருதமரத்தடிக்குப் போங்கள். ஆடு மேய்க்கிறவர்களையும் ஆச்சிமார்களையும் பிள்ளைகளையும் முதல் நாளே கூட அழைத்துச் செல்லுங்கள். ஊரே முளைக்க வைத்த கன்றை ஊரே காப்பாற்றும்.