கடிதம் எழுதியவன் யார்?

சில மாதங்களுக்கு முன்பு அடையாற்றிலிருந்து ஓர் அம்மாள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். என் தங்கையோடு படித்தவள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். காபி குடித்து முடிக்கிறவரை வெயிலைப் பற்றியும் மைலாப்பூர் மாட வீதிக் கூட்டத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவள், திடீரென்று, "பதினாறு வயசுப் பையன் படிக்கிற மாதிரி காதலைப் பத்தி நல்ல தமிழ் நாவல் ஒண்ணு சொல்லுங்கோ அண்ணா" என்றாள்.

விஷயம் மெள்ள வெளியே வந்தது. அவள் பையனுக்கும் உடன் படிக்கிற பெண் ஒருத்திக்கும் கைப்பேசியில் செய்திப் போக்குவரத்து நடந்திருக்கிறது. பெண் வீட்டில் பார்த்துவிட்டார்கள். அவளுக்கு அடி, கைப்பேசி பறிமுதல், பாட்டு வகுப்பு நின்றுபோயிற்று. அவளுடைய தகப்பனார் வந்து விசாரித்தபோது பையன் நிமிர்ந்து பார்த்து, "அவதான் முதல்ல அனுப்பினா" என்று சொல்லிவிட்டானாம்.

"காதல் வந்ததுக்காக நான் அழலை அண்ணா. இந்த வயசிலே வராதா என்ன? ஆனா முதல்ல அனுப்பினது இவன். நானே பார்த்தேன். '96' படத்தை நாலு தடவை பார்த்துட்டு அழுதவன் இவன். அழத் தெரிஞ்சவனுக்கு இது தெரியலையே!"

புத்தகம் தேடி வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை அலமாரி முன் உட்கார்ந்தவன் விளக்கு வைத்தும் எழுந்திருக்கவில்லை. நம் கதைகளில் முதல் காதலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த அம்மாள் கேட்டது கிடைப்பது அருமை என்று தோன்றியது. நம் கதாநாயகர்கள் காதலிக்கிறார்கள், தவிக்கிறார்கள், பிரிகிறார்கள், நினைத்து நினைத்து உருகுகிறார்கள். பெண்ணின் தகப்பனார் வாசலில் வந்து நின்று, "இதை எழுதியது யார்?" என்று கேட்கும்போது, "நான்தான்" என்று சொல்கிற பையன் எங்கே?

பையனை அழ வைத்த படத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். பிரேம்குமார் இயக்கி 2018இல் வெளிவந்த '96' நல்ல படம்தான், நானும் கலங்கினேன். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ராமுவுக்கு ஜானுவின் மேல் பிரியம். வாய் திறந்து சொல்வதில்லை. ஒருநாள் அவன் குடும்பம் ஊரைவிட்டே போய்விடுகிறது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்துச் சென்னையில் பழைய மாணவர்கள் கூடும்போது சந்திக்கிறார்கள். ஓர் இரவு முழுவதும் இந்தப் பட்டணத்தைச் சுற்றிவிட்டுப் பிரிகிறார்கள். அவள் கல்யாணத்தன்று தூரத்தில் வந்து நின்றுவிட்டுப் போனதை அவன் சொல்கிறான். அவளுடைய ஞாபகப் பொருள்களைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறான்.

எவ்வளவு நல்லவன் என்று நமக்குத் தோன்றுகிறது. நல்லவன்தான். ஆனால் அவன் பேசாமலிருந்ததற்கு விலை கொடுத்தவள் ஜானுவும்தான். படம் அதை அறியும். அவள் அழும் இடத்தில் நமக்கும் அது தெரிகிறது. என்றாலும் கொட்டகையை விட்டு வருகிற பையன் மனத்தில் தங்குவது என்னவோ ராமுவின் பெட்டிதான். காதல் என்பது பத்திரமாக வைத்துக்கொள்ளும் சொத்து என்று நினைத்துக்கொள்கிறான். அது இன்னொருத்திக்கு நாம் செய்த காரியம், அதற்கு நாம் கணக்குச் சொல்லவேண்டும் என்கிற நினைப்பு அவனுக்கு வருவதில்லை.

இதைவிடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. பாரதியார் 1910இல் 'கனவு' என்று தம் சுயசரிதையைப் பாட்டாக எழுதினார். அப்போது அவருக்கு 28 வயதுகூட நிரம்பவில்லை. பத்து வயதில் ஒரு சிறுமியின் மேல் தமக்கிருந்த காதலை அதில் பாடுகிறார். 1897இல் அவருக்குக் கல்யாணமாயிற்று; வயது 14. தகப்பனார் செய்து வைத்த கல்யாணம். முதல் காதலுக்காக மறுத்து நிற்கவேண்டும் என்று அப்போது தமக்குத் தோன்றவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வீரத்தைப் பாடிய கவி, தாம் வீரனாக இல்லாத ஓர் இடத்தையும் எழுதி வைத்துவிட்டார். அழகான பாட்டு என்பதைவிட நேர்மையான பாட்டு என்றுதான் அதைச் சொல்லவேண்டும். ஆனாலும் அது வளர்ந்த மனிதன் திரும்பிப் பார்த்துச் சொன்ன உண்மை. வாசலில் தகப்பனார் நிற்கும்போது சொன்னதல்ல.

மூன்றாவதாகக் கையில் வந்தது 'மோகமுள்'. தி. ஜானகிராமன் சென்னை வானொலியில் பள்ளி ஒலிபரப்பைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், 1950களின் நடுவில், சுதேசமித்திரனில் தொடராக எழுதிய நாவல். கும்பகோணத்துக் கல்லூரி மாணவன் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவின் மேல் வைத்த காதல்தான் கதை. எல்லோரும் யமுனாவைப் பற்றியே பேசுவார்கள். நான் இம்முறை தங்கம்மாவைத் தேடிக்கொண்டு படித்தேன்.

அடுத்த வீட்டில் கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம் பெண் அவள். ஓர் இரவு பாபுவின் அறைக்கு வருகிறாள். அவன் இணங்குகிறான். பிறகு, ஐயோ, யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று துடிக்கிறான். அவளிடம் ஓடி மனத்தைத் திறந்துவிடுகிறான். தங்கம்மா மறுபடி வரும்போது விலக்கிவிடுகிறான். அவள் உயிரை விட்டுவிடுகிறாள்.

பாபு பொய்யன் அல்ல. ஆனால் அவனுடைய உண்மை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். யமுனாவிடம் மனம் திறந்தால் மன்னிப்புக் கிடைக்கலாம், காதல்கூடக் கிடைக்கலாம். தங்கம்மாவிடம் சொல்லவேண்டிய உண்மைக்கு லாபம் ஒன்றும் இல்லை. அவளை ஒரு மனுஷியாக உட்காரவைத்து, "நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு" என்று அவன் சொல்லவில்லை. உண்மை பேசுவது வேறு, பொறுப்பேற்பது வேறு என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய தமிழ் நாவலை நான் படித்ததில்லை. ஜானகிராமன் இதைப் பிரசங்கமாகச் செய்யவில்லை. ஒரு பெண்ணைச் சாகவிட்டுவிட்டுக் கதையை மேலே நடத்திக்கொண்டு போகிறார். கூசவேண்டியது நம் வேலை. பின்பாதியில் சென்னையில், பசியும் பட்டினியுமாக வந்து நிற்கும் யமுனாவுக்கு இடமும் பிழைப்பும் தேடிக் கொடுக்கிறானே, அந்தப் பாபு கொஞ்சம் வளர்ந்தவன். எதைக் கடந்து வளர்ந்தான் என்று கேட்டால், எனக்குத் தங்கம்மாதான் தெரிகிறாள்.

இவ்வளவு தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். யோக்கியதை இல்லாததனால்தான் சொல்கிறேன். எனக்குப் பதினாறு வயதில், கபாலீசுவரர் கோயில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்த ஒரு பெண்ணின் புத்தகத்தில் கடிதம் வைத்தேன், எழுத்தை மாற்றி எழுதி. அவள் தகப்பனார் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "எனக்குத் தெரியாது" என்றேன். அவளுக்குத் தெரியும், அவள் சொல்லவில்லை. அடுத்த ஜூனில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

பிற்பாடு இதை ஒரு கதையாக எழுதினேன். கதையில் பையன் மழையில் நனைந்துகொண்டே அவள் வீட்டு வாசலில் நின்று அழுதான். பத்திரிகைக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. "எனக்குத் தெரியாது" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் கதையில் இல்லை. நான் எழுதியவற்றில் மிகவும் பொய்யான கதை அதுதான். இந்த விமரிசனத்தை முதலில் அதன்மேல்தான் எழுதியிருக்கவேண்டும்.

'மோகமுள்'ளை அடையாற்றுக்குக் கொடுத்தனுப்பினேன். பதினாறு வயதுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று சிலர் சொல்லலாம். கைப்பேசியில் பார்ப்பதைவிட அதிகமில்லை. மூன்று வாரம் கழித்துப் பையனே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "தங்கம்மாவுக்கு பாபு என்ன பண்ணியிருக்கணும் மாமா?" என்று கேட்டான்.

எத்தனையோ பேர் அந்த நாவலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. "தெரியலையேப்பா. நீ என்ன பண்ணப் போறே?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் திரும்பினான். பெண் வீடு அந்தப் பக்கம்தானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.