பாதி நாள் வகுப்பு, பாதி நாள் ஆடிட்டர் ஆபீஸ்

திருவண்ணாமலையில் பி.காம். படிக்கும் பிள்ளைகள் பலர் பட்டம் வாங்குவதற்கு முன்பே ஏதாவது ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்துவிடுகிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருப்பதால் இது சாத்தியமாகிறது. காலை ஷிப்ட் மாணவர் மதியம் அலுவலகம் போகலாம். மதிய ஷிப்ட் மாணவர் காலையில் போகலாம். "படிச்சுக்கிட்டே சம்பாதிக்குது பிள்ளை" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரே நாளை இரண்டாக வெட்டி வகுப்புக்குப் பாதி, அலுவலகத்துக்குப் பாதி என்று கொடுப்பது, படிப்பையும் தொழிலையும் இணைப்பதற்கு இருக்கிற வழிகளில் மிகவும் பலவீனமானது என்றே நினைக்கிறேன்.

முதலில் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். அது சிறியதல்ல. சென்னையின் பெரிய நிறுவனத்தில் சேரும் மாணவர் ஒரு பெரிய கம்பெனியின் ஏதோ ஒரு கணக்குப் பிரிவை மட்டும் மாதக்கணக்கில் சரிபார்த்துக்கொண்டிருக்க நேரலாம். திருவண்ணாமலை போன்ற ஊரில் ஒரு ஃபைல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே கையில் நகரும். அரிசி ஆலைக்காரர் பையில் போட்டுக் கொண்டுவந்த பில்களைப் பிரித்து அடுக்குவது, டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, வருமான வரி நோட்டீஸ் வந்தால் பதில் தயாரிக்கும்போது பக்கத்தில் இருப்பது என எல்லாமே கண்முன் நடக்கும். ஆரணிப் பட்டு வியாபாரி, லாட்ஜ் முதலாளி, அரசு ஒப்பந்தக்காரர் என்று வாடிக்கையாளர்களும் பலவிதம்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு பாடமும் உண்டு. ஆசிரமங்களும் அன்னதான அறக்கட்டளைகளும் இங்கே ஏராளம். அறக்கட்டளைக் கணக்கைப் பாடப்புத்தகம் சில பக்கங்களில் முடித்துவிடுகிறது. இங்கே ஒரு மாணவி நன்கொடையாளரின் வரிச்சலுகைக்கான 80ஜி ரசீதையும், 10பி, 10பிபி என்ற இரண்டு தணிக்கைப் படிவங்களில் எது யாருக்கு என்பதையும் வேலையிலேயே கற்கிறாள். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு, 2020இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணத்தை ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் முதலில் பெற முடியும். மலையடிவாரத்து அறக்கட்டளைக்கு டெல்லியில் ஏன் கணக்கு என்று கேட்கிற மாணவி, சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஒரு கேள்வியிலேயே புரிந்துகொள்ளத் தொடங்குகிறாள். பெருநகரத்துப் பயிற்சியாளர் பலருக்கு இது எளிதில் கிடைக்காத அனுபவம்.

இத்தனையும் கிடைக்க அலுவலகத்தில் நிலைத்து உட்கார வேண்டும். பாதி நாள் மாணவருக்குக் கிடைக்காதது அதுதான். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மட்டும் வருபவரிடம் பாதியில் நிறுத்தினாலும் கெடாத வேலையைத்தான் கொடுக்க முடியும். அது டேட்டா என்ட்ரி. ஜிஎஸ்டிக்கு மாதாமாதம் 11ஆம் தேதி ஒரு கெடு, 20ஆம் தேதி ஒரு கெடு; காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் தமிழ்நாட்டு வணிகருக்கு 22ஆம் தேதி. கெடு நெருங்கும்போது அலுவலகத்துக்குக் கைகள்தான் தேவை. கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. மூன்று ஆண்டு முடிவில் விரல் வேகம் கூடியிருக்கும். ஆனால் இந்தச் செலவை ஏன் அனுமதிக்கவில்லை, இந்த வரி வரவு ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்டால் பதில் வராது. இது மாணவரின் குறையல்ல.

பருவங்கள் மோதிக்கொள்வது இதைவிடப் பெரிய சிக்கல். ஏப்ரல் தொடக்கத்தில் வங்கிக் கிளைகளின் தணிக்கை நடக்கும். செங்கத்திலோ போளூரிலோ வந்தவாசியிலோ ஒரு கிளையில் உட்கார்ந்து நகைக்கடன் பதிவேட்டையும் விவசாயக் கடன் கணக்குகளையும் பார்த்து, தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோன கடன் எப்படி வாராக்கடனாகிறது என்று கற்க அதைப் போன்ற வாய்ப்பு வேறில்லை. பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வு வருவதும் ஏப்ரலில்தான். செப்டம்பர் இறுதி வரித் தணிக்கை அறிக்கையின் கெடு. அப்போது ஒற்றைப்படை செமஸ்டர் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும். தொழிலின் உயிரான மாதங்களில் மாணவர் வருகைப்பதிவுக்குப் பயந்து வகுப்பில் இருக்கிறார், அல்லது அலுவலகத்துக்குப் பயந்து வகுப்பை விடுகிறார்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பதும், சி.ஏ. ஆவதற்கான கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பும் ஒன்றல்ல. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் 2023 ஜூலையில் கொண்டுவந்த புதிய திட்டப்படி, சி.ஏ. இன்டர்மீடியட் தேர்வின் இரு குரூப்பையும் முடித்த பிறகே ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கும். காலமும் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை. அலுவலக நேரத்தில் கல்லூரிக்குப் போக இடமில்லை. ஆகவே பாதி நாள் வேலையாக ஓடிய மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட சி.ஏ. கணக்கில் சேராது. குறைந்தபட்ச உதவித்தொகையும் ஊரின் மக்கள்தொகையை வைத்து நிர்ணயிக்கப்படுவதால், சிறிய ஊருக்கு விதி கேட்பது மிகக் குறைவான தொகையைத்தான்.

இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகம் பிடபிள்யூசி தணிக்கை நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு வேறு மாதிரி யோசித்தது. அங்கே மாணவர் மாதக்கணக்கில் தொடர்ந்து, ஊதியத்தோடு, முழுநேரம் நிறுவனத்தில் இருப்பார். பிறகு வகுப்புக்குத் திரும்புவார். அந்தப் பணவசதி நமக்கில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே பலன் தருவது காலத்தைப் பிரித்த முறைதான். அதற்கு அவ்வளவு பணம் தேவையில்லை.

நம் நாட்டிலேயே அதற்கு வழி பிறந்திருக்கிறது. தொழிற்பழகுநர் பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை வகுத்திருக்கிறது. மூன்று ஆண்டுப் பட்டத்தில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர்வரை முழுநேரப் பயிற்சியாகக் கழிக்கலாம். அதற்கு கிரெடிட் உண்டு, உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கும். நான்கு பேர் வேலை செய்யும் இடமே விருப்பத்தின் பேரில் பழகுநரைச் சேர்க்கலாம் என்பதால், நம்மூர் ஆடிட்டர் அலுவலகங்கள் பலவும் இதில் அடங்கும். ஜூலை முதல் நவம்பர் வரையிலான ஐந்தாம் செமஸ்டரை இதற்கு ஒதுக்கினால் வருமான வரித் தாக்கலும் வரித் தணிக்கையும் முழுமையாகப் பயிற்சிக்குள் வந்துவிடும்.

வீட்டுக்கு மாதாமாதம் பணம் வேண்டுமே என்பது கனமான ஆட்சேபம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையிடம் பாதி நாள் வேலையை விடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பணம் பஸ் கட்டணமாகவும் தேர்வுக் கட்டணமாகவும் மாறுவதை அறிவேன். அதனாலேயே அந்த ஒரு செமஸ்டரில் சட்டப்படியான தொகை முழுதாகக் கைக்கு வர வேண்டும் என்கிறேன். திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள கல்லூரிகளும் ஊர் ஆடிட்டர்களை அழைத்து உட்காரவைத்துப் பேச வேண்டும். எந்த மாதத்தில் எந்த வேலை, யார் சொல்லிக்கொடுப்பது, எதை வைத்து மதிப்பெண் என்று எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். கோடைப் பயிற்சி என்ற பெயரில் சான்றிதழ் மட்டும் வாங்கிக் கோப்பில் வைப்பதை நிறுத்த வேண்டும்.

அதுவரை, பிள்ளையை ஆடிட்டர் ஆபீசில் சேர்க்கும் பெற்றோர் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்டுவிடுங்கள்: இது ஆர்ட்டிகிள்ஷிப்பா, பகுதிநேர வேலையா? ஆர்ட்டிகிள்ஷிப் என்றால் சேர்ந்த 30 நாளுக்குள் 103ஆம் எண் படிவம் பட்டயக் கணக்காளர் நிறுவனத்துக்குப் போக வேண்டும். போனதா என்று பாருங்கள்.