'தீபன்' காட்டும் இல்லறம்

தொல்காப்பியர் வகுத்த அகவொழுக்கத்துள் களவு முன்னது, கற்புப் பின்னது. காதல் முதிர்ந்து மணமாகும். மணத்தின் பயனாக இல்லறம் மலரும். பிரெஞ்சு நெறியாளர் ழாக் ஓடியார் ஆக்கிய 'தீபன்' (2015) இம்முறையைத் தலைகீழாக்குகின்றது.

ஈழப்போரின் முடிவில், ஒருவரையொருவர் அறியாத ஆடவனும் பெண்ணும் தாயை இழந்த சிறுமியும், இறந்தோரின் கடவுச்சீட்டுகளால் ஒரு குடும்பமாகிப் பாரிசின் புறநகரை அடைகின்றனர். இங்கே இல்லறம் முந்துகின்றது. காதல் பின்னரே அரும்புகின்றது. உடன்பிறந்தார்க்குக் காட்டும் பரிவைத் தனக்கும் காட்டுமாறு, தாயாக நடிக்கும் யாழினியைச் சிறுமி வேண்டுமிடம் படத்தின் உயிர்நிலை. பொய்யாகப் பூண்ட உறவு, நாள்தோறும் ஆற்றும் கடமைகளால் மெய்யாகின்றது. ஷோபாசக்தியும் காளீஸ்வரி சீனிவாசனும் இம்மாற்றத்தை மிகையின்றி நடித்துள்ளனர்.

கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற இப்படத்தின் முடிவோ நமக்கு உடன்பாடன்று. போதைப்பொருட் கும்பலிடமிருந்து யாழினியை மீட்கத் தீபன் மீண்டும் கொலைக்கருவி ஏந்துகின்றான். போரைத் துறந்து வந்தவனைக் கொலைஞனாக்கியே கணவனாக்குகின்றார் நெறியாளர். சோறாக்கியும் சுமை பகிர்ந்தும் வளர்ந்த அன்பிற்குக் குருதியைச் சான்றாக்குவது ஏனோ? படத்தின் முற்பகுதியே அதனை நன்கு நிறுவிவிட்டதன்றோ!