துப்புக் கேட்காமல் ஆடுவது

'டே ஆஃப் தி டென்டக்கிள்' என்ற கணினி விளையாட்டில் ஒரு ஹாம்ஸ்டர் வருகிறது. 200 ஆண்டுகள் கழித்து வரும் எதிர்காலத்தில் மாட்டிக்கொண்ட லவர்ன் என்ற பெண்ணின் கால இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். அதற்குச் சக்கரத்தில் ஓடும் உயிர் ஒன்று வேண்டும். ஹாம்ஸ்டர் இருப்பதோ நிகழ்காலத்தில். அங்கிருக்கும் பெர்னார்ட் என்பவன் அதை ஐஸ் இயந்திரத்துக்குள் போட்டுவைத்தால் 200 ஆண்டுகள் உறைந்து கிடக்கும். எதிர்காலத்தில் எடுத்து மைக்ரோவேவில் வைத்தால் எழுந்துவிடும், ஆனால் குளிரில் வெடவெடக்கும். அதற்கு ஸ்வெட்டர் வேண்டுமே? மனிதர் போடும் ஸ்வெட்டர் ஒன்றை நிகழ்காலத்திலேயே துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு, காசைக் கொட்டி ஓடவிட வேண்டும். 200 ஆண்டுகள் சுழன்றதில் அது ஹாம்ஸ்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

வாதத்துக்காக இந்த ஒரு புதிரை இங்கே உடைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. படித்த உங்களுக்கு லேசாகப் புன்னகை வந்திருக்கலாம். தானே கண்டுபிடித்தவர் வாய்விட்டுச் சிரித்திருப்பார். டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் முன்னின்று 1993இல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய இந்த விளையாட்டில் புதிரின் விடையும் நகைச்சுவையின் வெடிப்பும் ஒன்றுதான். கொலையைத் துப்பறியும் விளையாட்டில் விடையைப் பார்த்துவிட்டால் பெருமை குறையும், கதை மிஞ்சும். இங்கே விடையைப் பார்த்தால் சிரிப்பே போய்விடுகிறது. யாரிடமும் கேட்காமல், எந்த வழிகாட்டியையும் திறக்காமல் ஆடி முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நியாயம், முட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் கிடைப்பது. வழி தெரியாதவர்தான் எல்லா அறைக்கும் மறுபடி போகிறார், பேசி முடித்தவரிடம் மீண்டும் பேச்சுக் கொடுக்கிறார், சம்பந்தமில்லாத பொருளைச் சம்பந்தமில்லாத ஆளிடம் நீட்டிப் பார்க்கிறார். இத்தகைய புதிர் விளையாட்டுகளை எழுதியவர்கள் அவருக்காகவே ஏராளமான வசனங்களை ஒளித்துவைத்தார்கள். வழிகாட்டியைப் பார்த்து ஆடுபவர் நேர்கோட்டில் நடந்து கதவைத் தாண்டிவிடுவதால் அந்த எழுத்தில் பெரும்பகுதி அவர் காதில் விழுவதே இல்லை.

1990இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் வாள் சண்டையை வெல்வது வாயால். எதிராளி ஒரு வசை சொல்வான். அதற்குப் பொருத்தமான பதிலடி தெரிந்தால் வெற்றி, தெரியாவிட்டால் தோல்வி. பதிலடியைக் கற்றுக்கொள்ள இருக்கும் வழியும் வழியில் தென்படும் கடற்கொள்ளையரோடு மோதித் தோற்பதுதான். பால்பண்ணைக்காரனைப் போலச் சண்டையிடுகிறாய் என்று ஒருவன் கேலி செய்தால், நீ மாட்டைப் போலச் சண்டையிடுகிறாய் என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வாள்வித்தையில் தலைசிறந்த கார்லாவிடம் போனால், நாம் கேட்டறியாத வசைகளை அவள் அள்ளி வீசுகிறாள். உன் உடம்பின் ரத்தத்தைச் சொட்டு விடாமல் கறந்துவிடுவேன் என்கிறாள். கறத்தல் என்றதும் பழைய மாட்டுப் பதிலடி இதற்கும் பொருந்தும் என்று பொறி தட்ட வேண்டும். அதுவரை தோற்றதெல்லாம் பாடமாக மாறும் இடம் அது. பட்டியலை வைத்துக்கொண்டு ஆடியவருக்கு இது வெறும் பொருத்துக பயிற்சி.

ஆனால் இந்தப் பிடிவாதம் எல்லா விளையாட்டுக்கும் செல்லாது. அதே 1990இல் சியரா நிறுவனம் வெளியிட்ட 'கிங்ஸ் க்வெஸ்ட் 5'ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் பசியெடுக்கும்போது கையிலிருக்கும் பை என்ற பண்டத்தைத் தின்றுவிட்டால், பிறகு பனிமனிதன் எதிரே வரும்போது முகத்தில் வீச ஒன்றுமிராது. ஆட்டம் அங்கே செத்துவிடும். எங்கே பிழை செய்தோம் என்பதும் தெரியாது. இப்படிப்பட்ட விளையாட்டைத் துப்பில்லாமல் முடிப்பதில் பொறுமை தெரியலாம், இன்பம் இல்லை. மங்கி ஐலண்டை உருவாக்கிய ரான் கில்பர்ட் 1989இலேயே இத்தகைய முட்டுச்சந்துகளைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். துப்பில்லாமல் ஆடுவது ஒரு பண்பாடாக வளர முடிந்ததற்கு, ஆட்டக்காரரின் வைராக்கியத்தைவிட ஆட்டக்காரரைக் கைவிடாத அந்த வடிவமைப்பு ஒழுக்கமே முக்கியக் காரணம் என்பேன்.

அந்த ஒழுக்கத்தைக் கில்பர்ட்டின் அணியே மீறிய இடமும் உண்டு. 'மங்கி ஐலண்ட் 2' (1991) விளையாட்டில் ஃபாட் தீவின் அருவியை நிறுத்த அதன் உச்சியிலுள்ள பம்பைத் திருகி மூட வேண்டும். அதற்கான கருவி, வேறொரு தீவின் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கு! மெட்ரோனோமில் வாழைப்பழத்தை மாட்டி அதை மயக்கி, விறைத்துப்போன உடம்பைத் தூக்கிவந்து ஸ்பேனராக்க வேண்டும். ஒரு வகை ஸ்பேனருக்கு அமெரிக்கர்கள் குரங்கின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவருக்கே இது நகைச்சுவை. மற்றவருக்கு விளையாட்டுக்குள் எந்தத் தடயமும் கிடையாது. டென்டக்கிளிலும் அமெரிக்க விவகாரம் உண்டு: ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிய கதை. ஆனால் அங்கே வாஷிங்டனிடமே பேசித் தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. புதிர் கடினமாக இருக்கலாம். சாவி வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், முட்டிக்கொண்டு நிற்கும்போது நல்ல புதிரும் மோசமான புதிரும் ஒரே மாதிரிதான் வலிக்கின்றன. விடை தெரிந்த பிறகுதான் 'அடடா, தோன்றியிருக்க வேண்டுமே' என்று நெற்றியில் அடித்துக்கொள்வதா, 'இதை யார் கண்டுபிடிப்பார்' என்று எரிச்சல்படுவதா என்பது முடிவாகும். ஆகவே துப்பு வேண்டாம் என்று உட்காருவது, எழுதியவர் மீது வைக்கும் நம்பிக்கை. முதல் சில மணி நேரத்தில் அவர் அதைச் சம்பாதித்திருக்க வேண்டும். புதிரை அமைத்த நிறுவனமே துப்புப் புத்தகத்தையும் விற்று, தொலைபேசியிலும் துப்புச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது என்பதால் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் எச்சரிக்கையோடே வைக்கலாம்.

தூய்மைவாதிகளிடம் எனக்கு ஒரு முக்கியமான முரண்பாடு உண்டு. சலித்துப்போய்ப் பையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் திரையிலுள்ள ஒவ்வொன்றின் மீதும் வரிசையாகத் தேய்த்துப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டு, யாரையும் கேட்கவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. அப்படித் திறந்தவருக்கும் சிரிப்பு கிடைக்கவில்லை; ஏன் திறந்தது என்றே தெரியாமல் உள்ளே போகிறார். நண்பரிடமிருந்து ஒரு வார்த்தை ஜாடையாக வாங்கிக்கொண்டு மீதியை யோசித்தவர் இவரைவிடப் புதிரை நன்றாக ஆடியவர். பாட்டியிடம் விடுகதைக்கு விடை கேட்டால் உடனே சொல்லிவிடுவாளா? இன்னொரு குறிப்பைத் தந்து நம் முகத்தைப் பார்ப்பாள். யூடியூபில் ஓடும் காணொளிக்கு அந்த நிதானம் இல்லை. ஒரு சந்தேகத்துக்காகத் திறந்தால் அடுத்த மூன்று புதிர்களையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறது.

2022இல் வந்த 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' துப்புப் புத்தகத்தை விளையாட்டுக்குள்ளேயே ஒரு பொருளாக வைத்தது. முதலில் மேலோட்டமாக ஒன்று சொல்கிறது. மீண்டும் கேட்டால்தான் இன்னும் நெருங்குகிறது. நேர்த்தியான ஏற்பாடு. ஆனாலும் சட்டைப்பையில் விடை இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இரவு படுக்கையில் ஸ்வெட்டரையும் உலர்த்தியையும் பற்றி யாரும் யோசிக்கப்போவதில்லை. டென்டக்கிளை ஆடுவதானால் எத்தனை நாளானாலும் யாரிடமும் கேட்காதீர்கள். மங்கி ஐலண்ட் 2இல் அந்தப் பம்புவரை வந்துவிட்டால், கூச்சப்படாமல் கேட்டுவிட்டு மேலே போங்கள்.