வழியிடைச் சோறு: ஆற்றுப்படையும் பாரதக் கூத்தும்

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவன்பால் ஆற்றுப்படுத்துவது ஆதலின், அதனை விடுத்து எஞ்சிய நான்கையுமே ஈண்டு நோக்குகின்றோம். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், பெறாது வாடி எதிர்ப்படும் மற்றொருவனைத் தான் பெற்ற வள்ளலிடம் செலுத்துதல் இவ்வகைப் பாட்டின் இலக்கணம் என்பது தொல்காப்பியப் புறத்திணையியலால் அறியப்படும். இதனை வகுப்பில் உரைக்கும் நாம் அனைவரும் இரண்டு பெயர்களைத் தவறாது சொல்லுகின்றோம். பாடிய புலவர் பெயர் ஒன்று; பாடப்பெற்ற வள்ளல் பெயர் மற்றொன்று. தேர்வில் வினாக்களும் அவ்விரண்டைப் பற்றியே எழுகின்றன. அவ்விருவர்க்கும் இடையே வழிநெடுகச் சோறு இட்டவர் யாவர் என வினவிய வினாத்தாள் ஒன்றனையும் யாம் கண்டதில்லை. யாம் குறித்துக் கொடுத்த வினாத்தாள்களும் அத்தகையனவே.

பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. இப்பாட்டில் இளந்திரையன் தன் கையால் அளிக்கும் விருந்தும் பரிசிலும் இறுதியில் சில அடிகளுள் முடிந்துவிடுகின்றன. பாட்டின் பெரும்பகுதியைக் கொள்ளுவது வழியே. அவ்வழியில் பாணனுக்கு முதலிற் சோறு இடுவோர் எயினர் குடிப் பெண்டிர். அவர்தம் நிலத்தில் நெல் இல்லை. கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, முற்றத்து நிலவுரலிற் குற்றி, ஆழ்ந்த கிணற்றில் ஊறிய உவர்நீரை முகந்து உலையேற்றிச் சமைக்கின்றனர். அச்சோற்றையே உலர்ந்த ஊனொடு வந்தவனுக்கும் படைக்கின்றனர். அடுத்துக் கோவலர் குடியில் தினைச்சோறும் பாலும். முல்லை நிலத்துச் சீறூரில் வரகுச்சோறும் அவரைப் புழுக்கும். மருதத்தில் வெண்ணெற்சோறும் கோழியும். வலைஞர் குடிலில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் மனையில் மாவடு ஊறுகாயுடன் நல்ல சோறு. ஒவ்வொரு குடியும் தான் உண்பதையே வந்தவனுக்கும் அளிக்கின்றது. புலவர் உணவின் வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கி எழுதினாரேயன்றி, அதனை ஒருநிலைப்படுத்தி மிகைப்படுத்தினாரல்லர். புல்லரிசிச் சோற்றைப் பாலடிசில் ஆக்கிக் காட்டவில்லை.

இவ்விருந்தோம்புநர் எவர்க்கும் பெயர் இல்லை. வள்ளற்குப் பெயர் உண்டு, குலம் உண்டு, கொடி உண்டு. உவர்நீர் முகந்தவள் எயினர் குடிப் பெண் என்பதற்கு மேல் ஒன்றும் அறியோம்.

இங்கு ஒரு தடை எழும். அதனை மறைத்தல் ஆய்வாகாது. மலைபடுகடாத்துள் கூத்தர் தலைவனுக்குக் கூறப்படும் அறிவுரை யாது? மலைச்சாரற் சிற்றூரை அடைந்து, தாம் நன்னனை நாடிச் செல்லும் கலைஞர் என்று சொன்ன அளவிலே, தம் சொந்த வீட்டிற் புகுவார்போல வாயிலில் நில்லாது உள்ளே செல்லலாம். உரிமையுடையார்போலக் கேளாமலே கலந்து பழகலாம் என்பது. ஆகவே அச்சோறு நன்னன் பெயரால் கிடைத்த சோறு. குடிமக்களின் விருந்தும் வேந்தன் புகழின் ஒரு கூறே என்று ஒருவர் வாதிக்கலாம். இவ்வாதம் வலியுடையது. புலவரின் கருத்தும் ஏறக்குறைய அதுவாகவே இருத்தல் கூடும். ஆயினும், பெயர் கதவைத் திறந்தது. சோறு யாருடைய பானையில் வெந்தது? நன்னன் பெயரைச் சொன்னவுடன் அக்குறவர் குடி தன் தினையைத் தருகின்றது. நன்னன் களஞ்சியத்திலிருந்து தினை வரவில்லை. புரவலன் புகழ் என்னும் நூலில் கோத்த மணிகளே இச்சிற்றூர்கள் என்பதை உடன்படுகின்றோம். நூலை மட்டும் பாராட்டி மணியை எண்ணாது விடும் வழக்கத்தையே மறுக்கின்றோம்.

பொருநராற்றுப்படையின் தொடக்கம் இவ்வகையில் மிக நுட்பமானது. ஓர் அகன்ற ஊரில் விழா நிகழ்ந்து முடிகின்றது. மறுநாள், அங்குக் கிடைக்கும் சோற்றை மேலும் விரும்பாமல் வேற்றிடம் நோக்கிப் புறப்படுகின்றான் பொருநன். முடத்தாமக்கண்ணியார் கரிகாலனிடம் அவனைச் செலுத்துமுன்பே, அவனை அதுவரை உயிரோடு வைத்திருந்தது ஊர்விழா என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடுகின்றார். அரசவை ஆண்டில் ஒரு நாள். ஊர்விழாக்களோ ஆண்டு முழுதும். கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலில் வீரனுக்கும் பாணனுக்கும் உள்ள பிணைப்பை விரிவாக ஆராய்ந்தார். அந்நூலின் பொருள் அதுவாகலின் ஊர்விழா அதன் நடுவிடத்தைப் பெறவில்லை. அதனை நடுவிடத்தில் வைத்து நோக்கும் கடமை பின்வந்த நமக்கு உண்டு.

பத்துப்பாட்டை 1889இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் இதனை நூலால் மட்டும் அறிந்தவரல்லர். அவர் தந்தையார் இசைவாணர். அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் தங்கி, அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளைக் கொண்டு கதை நிகழ்த்தி, ஊரார் அளித்த ஆதரவால் குடும்பம் நடத்தியவர். ஓர் ஊரில் ஆதரவு குறைந்தவழி மற்றோர் ஊர்க்குப் பெயர்ந்ததை ஐயரவர்கள் தம் வரலாற்றில் ஒளிவின்றி எழுதியுள்ளார். ஊராரின் சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளையே ஆற்றுப்படைகளை நமக்கு மீட்டுத் தந்தார் என்பது யாம் பலகால் எண்ணி வியக்கும் செய்தி.

இனி, நிலத்தை நோக்குவோம். பெரும்பாணாற்றுப்படை செலுத்துவது காஞ்சிக்கு. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு. அது திண்டிவனத்தை ஒட்டியது. மலைபடுகடாம் செலுத்துவது செங்கண்மாவுக்கு. அது இன்றைய செங்கம். இம்மூன்று ஊர்களையும் படத்தில் கோடிட்டு இணைப்பின் ஒரு முக்கோணம் தோன்றும். செய்யாறும் வந்தவாசியும் அதனுள் அடங்கும். செஞ்சி அதன் ஓரத்தே நிற்கும். தெருக்கூத்தை அறிந்தார்க்கு இப்பெயர்களே போதும். திரௌபதியம்மன் கோயில்களில் பகலிற் பாரதச் சொற்பொழிவும் இரவிற் கூத்துமாகப் பல நாள் நிகழ்ந்து, படுகளத்திலும் தீமிதியிலும் முடியும் பாரத விழாவின் உயிர்நிலம் இதுவே. புகழ்பெற்ற புரிசை ஊரும் செய்யாற்றுப் பகுதியது. மலைபடுகடாத்துக் கூத்தரின் வழித்தோன்றலே இன்றைய கூத்தர் என்று யாம் கூறவில்லை. இடையில் உள்ள நூற்றாண்டுகளைத் தாண்டுதற்குச் சான்று என்னும் பாலம் நம்மிடம் இல்லை. அவ்வாறு தாண்டுவோர் பலர் வழுக்கி வீழ்ந்தனர். யாம் ஒப்பிடுவது கலைஞரை அன்று; அவர்க்குச் சோறிடும் ஊரை.

சென்ற சித்திரையில் செய்யாற்றுப் பகுதிச் சிற்றூர் ஒன்றில், முதுகலை மாணவர் சிலருடன் அருச்சுனன் தபசு கண்டோம். இருபது ஆண்டுகள் ஆற்றுப்படை பயிற்றியும் ஒரு கூத்தையும் முழுமையாக இருந்து கண்டதில்லை என்பதை நாணத்துடன் கூறிக்கொள்கின்றோம். இரவு பத்து மணிக்குப் பின் மத்தளம் ஒலித்தது. ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்தன. இருவர் திரை பிடிக்க, அதன் பின்னின்று திரைவிருத்தம் எழுந்தது. வேடம் இன்னும் தோன்றவில்லை. குரலும் சலங்கையும் மட்டுமே. திரையின் மேல் விளிம்பில் கிரீடத்தின் நுனி அசையும்போது அவையில் எழுந்த சலசலப்பைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் எழினிகளைப் பாடம் சொல்லிய காலத்தெல்லாம் யாம் கற்பனை செய்திருந்ததில்லை. மூவகை எழினியின் பெயரையும் மாணவர் மனனம் செய்துள்ளனர். திரை எதற்கு என்பதை அவ்விரவே அறிந்தனர்.

இக்கூத்தின் பொருள்நிலையைக் கேட்டறிந்தோம். ஊரார் தலைக்கட்டு வரி தண்டி, வெற்றிலை பாக்கு வைத்துக் குழுவை அழைக்கின்றனர். உணவும் ஊரின் பொறுப்பே. கூத்தின் நடுவே கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் இவ்வளவு அன்பளிப்பு அளித்தார் என்று பெயர் கூறி வாழ்த்துகின்றான். துரியோதனன் சினந்து நிற்கும் இடத்திலும் இது நிகழும். நாடகத்தின் ஒருமை இதனாற் கெடுகின்றது என்று முன்னொரு கட்டுரையில் யாம் எழுதினோம். ஏட்டை மட்டும் கண்டு எழுதியது அது. இப்பொழுது அதனைத் திரும்பப் பெறுகின்றோம். ஆற்றுப்படை பெயர் கூறாது விட்ட அவ்விருந்தோம்புநரின் பெயர் ஈண்டு அரங்கில் ஒலிக்கின்றது. பத்து ரூபாய் அளித்த கிழவியின் பெயரும் அருச்சுனன் பெயரும் ஒரே குரலில் வருகின்றன.

எனினும் ஊரை வானளாவப் புகழ்தல் எம் கருத்தன்று. சில ஊர்களில் சில தெருக்களிடம் வரி கொள்ளுவதில்லை. அது சலுகையன்று, விழாவில் அவர்க்குப் பங்கில்லை என்பதன் மறுபெயர். ஆற்றுப்படையில் எயினரும் வலைஞரும் அந்தணரும் ஒரே பாணனுக்குச் சோறிட்டனர். அவன் எல்லார் மனையிலும் உண்டான். அவ்வளவில் பழம்பாட்டின் ஊர் இன்றைய சில ஊர்களினும் அகன்றது. விறலி ஆடிய அரங்கில் ஆடவரே பெண்வேடம் புனைந்து நெடுங்காலம் ஆடிவந்ததும் இவ்வாறே எண்ணத்தக்கது.

விடியலுக்குச் சற்று முன் அருச்சுனன் தபசு மரம் ஏறினான். ஆப்புகள் அடித்த அந்நெடுமரத்தில் ஒவ்வொரு படிக்கும் பாடிப் பாடி ஏறினான். உச்சியிலிருந்து அவன் எறிந்த எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் மடியேந்திப் பெற்றனர். எம்முடன் வந்த மாணவருள் ஒருவர், ஆய்வேட்டிற்குக் குறிப்பெடுக்க வந்தவர், குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு அண்ணாந்து நோக்கினார். அவர் அவ்விடத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. அதற்காக அவரை யாம் கடியவில்லை.

இக்கலையை நம் துறைகள் ஆதரித்த முறை யாது? கூத்தை நாடி முதலிற் சென்றோர் நம்மவர் அல்லர். 1977இல் கூத்துப்பட்டறையை நிறுவிய நாடக ஆசிரியர் ந. முத்துசாமி புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடம் பயின்றார். செஞ்சிப் பகுதித் திரௌபதி வழிபாடு பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டலின் நூல் 1988இலும், பாரதக் கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் நூல் 1990இலும் வெளிவந்தன. அதே 1990இல் காஞ்சியில் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றிற்று. அயல்நாட்டார் பாயில் அமர்ந்து விடியும் வரை விழித்திருந்த ஆண்டுகளில் நாம் கிடங்கில் எங்குளது என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். அக்கட்டுரைகள் வேண்டாதன அல்ல. ஆனால் கிடங்கிலுக்குப் பேருந்து ஏறியவர் சிலரே.

சென்றவழியும் என் செய்தோம்? சில ஆண்டுகட்கு முன் எம் துறைக் கருத்தரங்கின் மாலையில் ஒரு குழுவை அழைத்தோம். இரவு முழுதும் ஆடும் கூத்திற்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினோம். அவர்கள் ஒப்பனைக்கு மட்டும் மூன்று மணி நேரம் செலவிட்டனர். முகத்தில் வண்ணம் எழுதி, கிரீடமும் புசக்கட்டையும் கட்டி அணியமாகி நின்றனர். துணைவேந்தர் உரை நீண்டது. கூத்து தொடங்கியபொழுது எஞ்சியது இருபது நிமிடம். வரவுப்பாட்டு முடியுமுன் மணி அடிக்கப்பட்டது. மணி அடித்தவர் யாமே. பொன்னாடை போர்த்தினோம், சான்றிதழ் அளித்தோம். அவர்கள் உண்டனரா என்று எவரும் கேட்கவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பெட்டிகளுடன் பேருந்து நிலையத்தில் நின்றனர் என்பதை மறுநாள் காவலர் சொல்லி அறிந்தோம். வள்ளலின் பெயர் பேரெழுத்தில் தொங்கிற்று. அடுப்பில் உலை இல்லை.

இந்நிகழ்ச்சியை ஈண்டு எழுதுதற்குக் காரணம் உண்டு. பட்டமும் விருதும் பரிசிலும் கூத்தர்க்கு வேண்டா என்பார் உளர்; யாம் அவ்வாறு கூறோம். பரிசிலின்றி ஆற்றுப்படையே இல்லை. ஆயின் பரிசில் பெற்றவன் அடுத்த விழா வரை நடக்க வேண்டும். அவ்வழியில் பாய் விரித்து விடியும்வரை இருந்து காணும் ஊர் இல்லையேல், அவன் பெற்ற பொன் அவனை ஊர்ப்புறத்து நிலத்தரகனாக்கும், கூத்தனாக வைத்திராது. விழா நாள்கள் குறைந்த ஊர்களையும், இரு இரவுக் கூத்தை ஒழித்து மெல்லிசைக் குழுவை அழைத்த ஊர்களையும் அக்குழுவினரே எமக்கு எண்ணிக் கூறினர். அங்கு இழந்தது கூலி மட்டுமன்று, காண்போரையுமாம். அடுத்த அடி எதுவென அறிந்து முன்கூட்டியே நகைக்கும் அவை ஒருமுறை கலைந்தால், எந்த மானியத்தாலும் அதனைக் கூட்ட இயலாது.

எம் துறையில் இவ்வாண்டு முதல் ஒரு சிறு மாற்றம் செய்துள்ளோம். மலைபடுகடாம் பயிலும் மாணவர் அப்பருவத்துள் ஒரு முழு இரவுக் கூத்தை ஊரிலேயே இருந்து காணல் வேண்டும். கட்டுரை எழுதுதல் வேண்டா; தம்மால் இயன்றதை அன்பளிப்பாக அளித்து வருதல் போதும்.

அன்று விடிந்தபின் தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தோம். ஊராருள் ஒரு மூதாட்டி எங்களைத் தம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து முகங்கழுவ நீர் தந்திருந்தார். யார் என்றும் கேட்கவில்லை. கடையில், முகத்து வண்ணம் முற்றும் அழியாத கூத்தர் ஒருவர் கைப்பேசியில் வேறொரு குழுவினரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவ்வூர் அடுத்த கிழமை மற்றொரு கோயிலுக்குக் கூத்து வைக்க எண்ணுகின்றது போலும். "நீ வந்தவாசி வண்டி ஏறாத, செய்யாறு வந்து எறங்கு. ஆலமரத்தாண்ட கேட்டா கோயிலக் காட்டுவாங்க. பெரியவரப் பாரு, கொரலு ஒசத்திப் பேசுவாரு, மனசுல ஒண்ணும் இல்ல. சோறு நல்லா போடுவாங்க. விடியறவரைக்கும் ஒருத்தரும் எழுந்து போக மாட்டாங்க, நம்பி வா" என்றார். எம் மாணவர் ஒருவர் எம்மை நோக்கினார். யாம் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தோம்.